இடைவேளைக்குப் பிறகு

சிவாஜி கணேசன் இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. 2001 ஜூலை 21, சனிக்கிழமை. அடுத்த ஒரு வாரத்துக்கு எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவர்தான். ஊரில் கேபிள் கனெக்‌ஷன் இருந்த ஏழெட்டு வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. சாயங்காலமானால் கூடம் நிறைந்துவிடும். எல்லோரும் தரையில் உட்கார, தாத்தா மட்டும் மடக்கு நாற்காலியை விரித்து நடுவில் போட்டுக்கொள்வார். மிலிட்டரிக்காரர் என்பதால் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி 'இரத்தத் திலகம்' போட்டார்கள். முதல் பாதி முழுக்க தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். சிவாஜியும் சாவித்திரியும் கல்லூரியில் முட்டிக்கொள்வது, ஒத்தெல்லோ நாடகம், பிரிவு நாள் பாட்டு, கையில் கோப்பையோடு கண்ணதாசனே திரையில் வந்து நிற்பது என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே "இப்ப பாரு, இப்ப பாரு" என்பார். 'இடைவேளை' என்று எழுத்து விழுந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவர், படம் முடிகிறவரை திரும்பி வரவில்லை.

"தாத்தா எங்க போறாரு?" என்று அப்பாயியிடம் கேட்டேன்.

"மாட்டுக்குத் தண்ணி காட்ட. இந்தப் படத்த அவரு எப்பவும் பாதிதான் பாப்பாரு."

ராத்திரி ஒன்பதரை மணிக்கு எந்த மாடு தண்ணீர் குடிக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, கூடத்தில் இருந்த வேறு யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. சிமெண்ட் லாரி போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். நான் பிறந்தபோது அது திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001-ல் அரியலூர் மாவட்டம். அடுத்த வருஷமே அதைக் கலைத்துத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-ல் மறுபடியும் அரியலூர். ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ரேஷன் கார்டில் மட்டும் பெயர் மாறிக்கொண்டிருந்தது. தாத்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "கோடு போடறவன் ஒருத்தனும் எறங்கி வந்து பாத்ததில்ல." மாவட்ட எல்லையைத்தான் சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அவர் ஏன் எம்.ஜி.ஆர். ரசிகராக இல்லை என்று ஒருமுறை கேட்டபோது, "அவரு படத்துல அவரு சாவ மாட்டாரு. அது எனக்குச் சரிப்படல" என்றார். அதோடு முடிந்தது. பேச்சில் அவர் அவ்வளவுதான். பட்டாளத்தில் லாரி ஓட்டினார், பென்ஷன் வருகிறது, வருஷத்துக்கு ஒருமுறை பெரம்பலூர் போய் ஏதோ கையெழுத்துப் போடுகிறார். எங்களுக்குத் தெரிந்த ராணுவம் இதுதான்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது ஆபீஸை மூடிவிட்டார்கள். தங்கியிருந்த வீட்டில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. எப்படியோ பெருங்களத்தூர் வரை வந்து பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன். கிட்டத்தட்ட பத்து நாள் இருந்தேன். கரிசல் முழுக்கச் சேறாகிக் கிடந்ததால் காட்டு வேலையும் கிடையாது. எழுபத்தைந்து வயது தாத்தாவும் வேலையில்லாத பேரனும் எதிரெதிரே எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பது? லேப்டாப்பில் 'இரத்தத் திலகம்' போட்டேன். அதே சிரிப்பு, அதே "இப்ப பாரு". இடைவேளை வந்ததும் அதே மாதிரி துண்டு தோளுக்குப் போனது. இந்தத் தடவை படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன் தாத்தா, எப்பவும் பாதியிலயே எழுந்து போயிடறீங்க?"

"இனிமே பனி கொட்டும்டா."

"கொட்டினா?"

"கொட்டுது, கொட்டுது... ஒருத்தனுக்கும் காலு கறுக்கல."

பிறகு அவராகவே சொன்னார். 1962-ல் அவருக்கு இருபத்திரண்டு வயது. சரக்கு லாரி டிரைவர். தேஜ்பூர் பக்கத்து அடிவாரத்திலிருந்து மேலே மாவு, பருப்பு, மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அக்டோபர் 20-க்குப் பிறகு கீழே இறங்கும்போது ஆட்கள். காட்டன் யூனிபார்மும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு அந்த உயரத்துக்குப் போனவர்கள். ஷூவைக் கழற்றினால் விரலும் சேர்ந்து வரும், அதனால் கழற்றாமலே கொண்டுவருவார்கள் என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. உரத்துக்கு என்ன விலை என்று சொல்கிற குரல்.

அந்தப் போர் ஒரு மாதம் நடந்தது. நவம்பர் 21-ல் சீனாவே போர்நிறுத்தம் அறிவித்தது. நம் பக்கத்தில் இறந்தவர்கள் என்று அரசுக் கணக்கு சொல்வது 1,383 பேர். காணாமல் போனவர்கள் அதற்கும் மேல். பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் பதவி விலகினார். தோல்வியை ஆராய்ந்து இரண்டு ராணுவ அதிகாரிகள் எழுதிக் கொடுத்த அறிக்கையை அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை.

ஆனால் தாத்தா சொல்ல வந்தது கால்களைப் பற்றி மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரு செருப்புக் கடையைப் பற்றிச் சொன்னார்.

மலைக்குப் போவதற்கு முன்பு அவர் ஷில்லாங்கில் இருந்தார். அங்கே ஒரு சீனாக்காரர் கடை. அப்பனும் மகனுமாகத் தைப்பார்கள். "இந்தி நம்மளவிட நல்லாப் பேசுவான். அங்கயே பொறந்தவன்." ஒரு ஜோடி பூட்ஸை அடிப்பாகம் மாற்றக் கொடுத்திருந்தார். கூடவே, லீவில் ஊருக்கு வரும்போது போட்டுக்கொள்ள ஒரு ஷூவுக்கும் அளவு கொடுத்திருந்தார். அப்பாயியைப் பார்த்துப் பேசி முடித்திருந்த சமயம் அது. காகிதத்தில் காலை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, மேலே இவர் பெயரையும் நம்பரையும் அந்தப் பெரியவர் எழுதிக்கொண்டாராம். மறுவாரமே கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

ஜனவரியில் திரும்பிப் போனால் கடை பூட்டியிருந்தது. பலகையில் இருந்த பெயரை யாரோ சுரண்டியிருந்தார்கள். 'பிடிச்சிட்டுப் போயிட்டாங்க' என்றார் பக்கத்துக் கடைக்காரர். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

"கிட் இன்ஸ்பெக்‌ஷன்ல ஒரு ஜோடி கொறையுது. எங்கடான்னு கேட்டாங்க. மலையில தொலைஞ்சிருச்சுன்னேன். சம்பளத்துல புடிச்சிக்கிட்டாங்க."

"கடையில இருக்குன்னு சொல்லியிருக்கலாமே தாத்தா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்ஜினியரிங் படித்த பேரன் இவ்வளவுதானா என்கிற பார்வை. "சீனாக்காரன் கடையில உன் பேரு எழுதின காயிதம் எதுக்குன்னு கேப்பான்." பிறகு, "அந்தாளு என்ன பண்ணான்? தோலத்தானே தைச்சான்" என்றார். எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார்.

உண்மையைச் சொன்னால், செருப்புக் கடைக் கதையை நான் அப்போது முழுசாக நம்பவில்லை. வயசானவர், இரண்டு மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒன்று நடந்தே இருக்காது என்று நம்புகிற வியாதி எனக்கு உண்டு. பிறகு தேடிப் படித்தேன். நடந்திருக்கிறது. அஸ்ஸாம், டார்ஜிலிங், காலிம்போங் பகுதிகளிலிருந்தும், அன்றைக்கு அஸ்ஸாமின் தலைநகராக இருந்த ஷில்லாங்கிலிருந்தும் சீன வம்சாவளியினரைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து, ரயிலில் ஏற்றி, ராஜஸ்தானில் தேவ்லி என்ற இடத்தில் இருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 3,000 பேர். வழக்கு, விசாரணை எதுவும் இல்லை. கைக்குழந்தைகளும் இருந்தார்கள். சிலர் நாலைந்து வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். வந்து பார்த்தால் கடையும் வீடும் வேறு யாரிடமோ இருந்தன. ரீட்டா சௌத்ரி அஸ்ஸாமிய மொழியில் 'மாகாம்' என்று இதைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருக்கிறார். நிறையப் பேரைச் சீனாவுக்கே அனுப்பிவைத்தார்கள். 1963-ல் அவர்கள் கப்பல் ஏறியது நம் சென்னைத் துறைமுகத்தில்.

அதே 1963 செப்டம்பரில்தான் 'இரத்தத் திலகம்' வெளிவந்தது. தாதா மிராசி இயக்கம். துறைமுகத்தில் அவர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த அந்த வருஷத்திலேயே, அதே ஊரின் சினிமா உலகம் போரைப் பற்றி ஒரு படத்தை எடுத்து முடித்திருக்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் சிவாஜியின் போர்ப்படங்களை வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தேன். போர்ப்படம் என்றதும் எல்லோரும் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்பார்கள். வி.சி. கணேசன் என்பவருக்குச் 'சிவாஜி' என்ற பெயரே நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்ததற்காகப் பெரியார் கொடுத்ததுதான். ஆனால் வாளும் குதிரையும் இல்லாத, நம் காலத்துப் போர் நுழைந்த படங்கள் சில இருக்கின்றன. அவற்றை நாம் போர்ப்படம் என்று நினைவு வைத்துக்கொள்ளவில்லை. 'பராசக்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 தீபாவளிக்கு வந்த படம். கோர்ட் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தக் கதை தொடங்குவதே இரண்டாம் உலகப் போரில். ரங்கூனில் வாழ்கிற அண்ணன் தம்பிகள், கப்பலில் இடம் கிடைக்காமை, ஜப்பான் குண்டு, கால்நடையாகக் கிளம்புகிற கூட்டம், அதில் காலை இழக்கிற ஒரு சகோதரன். பர்மாவிலிருந்து அப்படி நிஜமாகவே நடந்து வந்த லட்சக்கணக்கானவர்களில் தமிழர்கள் ஏராளம். படம் வந்தபோது அதைப் பார்த்தவர்களில் பலருக்கு அது பத்து வருஷத்துக்கு முந்தைய சொந்தக் கதை. நமக்கு வசனம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

'அந்த நாள்' பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும். நானும் ஒரு இன்ஜினியர் என்பதால் அந்தப் படத்தை என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை. 1954-ல் ஏ.வி.எம். தயாரிக்க எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்டதே, அந்தச் சமயத்தில் நடக்கிற கதை. எழுபது வருஷம் ஆகிவிட்டதால் முடிச்சை அவிழ்ப்பது பாவமில்லை. படம் தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். பெயர் ராஜன், ரேடியோ இன்ஜினியர். யார் கொன்றது என்று துப்பறிய வருகிறவர் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், சகோதரன், சகோதரன் மனைவி, ஒரு நாட்டியக்காரி, கடைசியில் ராஜனின் மனைவி. ஒவ்வொருவர் சொல்லும்போதும் வேறொரு ராஜன் வருகிறான். இறுதியில் தெரிவது, அவன் ஜப்பானுக்கு ரகசியம் விற்ற ஒற்றன் என்பது. மலிவான ரேடியோ ஒன்றைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டியவன். இங்கே யாரும் திறக்கவில்லை, அங்கே திறந்தார்கள்.

இரண்டு வருஷம் முன்பு அநியாயத்துக்கு எதிராகக் கோர்ட்டில் முழங்கிய அதே முகம். அதை வைத்துக்கொண்டு தேசத்துரோகியாக நடிக்கிறார். அதுவும் எப்படி? ராஜன் தன் காரணத்தைச் சொல்லும்போது அரை நிமிஷமாவது நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுவோம். நான் சாய்ந்தேன். ஒன்றரை வருஷம் உழைத்து எழுதிய ஒரு விஷயத்தை ஒரு மீட்டிங்கில் இரண்டு நிமிஷத்தில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள், அந்தச் சாயங்காலம் வேறு கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பியிருக்கிறேன். ராஜனின் கசப்பு எந்த ஊரில் விளைவது என்று எனக்குத் தெரியும். சிவாஜி அந்தக் கசப்பைக் கொஞ்சமும் நாடகமாக்காமல், கிட்டத்தட்ட சோம்பலாகச் செய்கிறார். அவரை 'ஓவர் ஆக்டிங்' என்று மீம் போடுகிற நம் செட் ஆட்கள் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டுப் போடலாம். படம் அவனுக்குக் காரணத்தைக் கொடுக்கிறது, மன்னிப்பைக் கொடுக்கவில்லை. இரண்டும் வேறு என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

'யாரையும் சந்தேகப்படாதே' என்று சொல்லித் தப்பித்துவிட முடியாதபடி இந்தப் படம் குறுக்கே நிற்கிறது. ராஜன் நிஜமாகவே ஒற்றன்தான். போர்க்காலத்தில் சந்தேகமே கூடாது என்று பெங்களூரிலோ சென்னையிலோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். எல்லையில் லாரி ஓட்டுகிறவனுக்கு அது பதில் ஆகாது. தேவ்லிக்குப் போன அந்த மூவாயிரம் பேரில் ஒருவர்கூட ஒற்றர் இல்லை என்று யாரால் சத்தியம் செய்ய முடியும்? இந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் தலைக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கிடைத்த வெளிச்சம், அது வெளிச்சம்தானா என்றும் நிச்சயமில்லை, 'இரத்தத் திலக'த்தின் முதல் பாதியிலேயே இருந்தது. தாத்தா சிரித்துக்கொண்டே பார்த்த பாதியில். சீனாவுக்குப் போய்விட்ட சாவித்திரி யார் பக்கம் என்பதுதான் அந்தப் படத்தின் பின்பாதி முடிச்சு. ஆனால் அதற்கு வெகு முன்னால், கல்லூரி மேடையில், சிவாஜி ஒத்தெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் நடிக்கிறார்கள். ஒரு கைக்குட்டையை வைத்து மனைவியைக் கொல்கிற தளபதியின் கதை. ஒத்தெல்லோ அவளிடம் பேசாமல் இல்லை. பேசுகிறான், கத்துகிறான், குற்றம் சாட்டுகிறான். அவள் சொல்வதை மட்டும் கேட்பதில்லை. தீர்ப்பை முடித்துக்கொண்டுதான் அறைக்குள் வருகிறான். 'அந்த நாள்' படத்தின் அதிகாரியும் சந்தேகப்படுகிறார், இவனைவிட அதிகமாக, வீட்டிலிருக்கும் அத்தனை பேரையும். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கிறார். ஐந்து பேருடைய ஐந்து கதைகளையும் கேட்கிறார். அதனால்தான் நிஜமான துரோகி யார் என்பதே அங்கே தெரியவருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ராஜன் சீனாக்காரனோ ஜப்பான்காரனோ இல்லை. படித்தவன், சென்னைக்காரன், தேசபக்தி நிறைந்த ஒரு பெண்ணின் கணவன். முகத்தைப் பார்த்துப் பிடிப்பது என்று முடிவெடுத்திருந்தால் அவனைக் கடைசிவரை பிடித்திருக்கவே முடியாது. அமெரிக்காவில் 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். 1988-ல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள். பணம் பெரிதில்லை. நாற்பத்தாறு வருஷம் கழித்தாவது அவர்கள் தரப்பைக் காது கொடுத்துக் கேட்டார்கள். தேவ்லிக்குப் போனவர்களிடம் நாம் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

சிவாஜிக்கே அந்தச் சொல்லின் சூடு தெரியும். திராவிட இயக்கத்து நடிகராக வளர்ந்தவர் ஐம்பதுகளில் திருப்பதிக்குப் போய்வந்தபோது சுவரொட்டியும் கோஷமுமாக அவரைத் துரத்தினார்கள். பிறகு காங்கிரசுக்குப் போனார். 1988-ல் எம்.ஜி.ஆர். மனைவி ஜானகியின் அரசைக் காங்கிரஸ் கைவிட்டபோது அங்கிருந்தும் வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார். 1989-ல் திருவையாற்றில் நின்று தோற்றார். எங்கள் பக்கத்திலிருந்து திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவையாறு. தாத்தா அவர் பிரச்சாரத்தைப் பார்க்க சைக்கிளில் போயிருக்கிறார். "கூட்டம் எக்கச்சக்கம். ஓட்டு மட்டும் வரல" என்பார்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக எழுதுகிறவன் 2019-ல் என்ன செய்தான் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அரியலூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர். எங்கள் ஸ்கூல் வாட்ஸப் குரூப்பில் எண்பது பேர் இருந்தோம், நான்தான் அட்மின். ராத்திரி முழுக்க மெழுகுவத்திப் படங்கள், கொடிகள், கெட்ட வார்த்தைகள். எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. நிஜமாகவே அழுதிருந்தேன். அப்போது ஒருவன், பத்தாவது வரைக்கும் என் பக்கத்து பெஞ்சுக்காரன், இப்படிப் போட்டான்: "இத்தன வண்டிய ஒரே நேரத்துல அந்த ரோட்டுல விட்டது யாரு? அவங்களையும் கேக்கணும்ல?"

யாரோ 'துரோகி' என்று எழுதினார்கள். இன்னும் நாலு பேர் அதையே எழுதினார்கள். நான் எழுதவில்லை. நான் செய்தது வேறு. அவன் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்துகொண்டிருந்தது. பதில் எழுதிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவன் பெயரைத் தொட்டு, 'நீக்கு' என்பதை அமுக்கினேன். குரூப்பில் கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன.

அவன் கேட்ட கேள்வி புதுசு இல்லை. கேன்வாஸ் ஷூவோடு மேலே அனுப்பியது யார் என்று தாத்தா கேட்காமல் விட்ட கேள்விதான் அது. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்திலேயே பெருமையாகச் சொல்லித்தருகிற ஒரு கதை உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. 140 பேருக்கும் மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதை ஒப்பித்து நான் பேச்சுப்போட்டியில் பரிசே வாங்கியிருக்கிறேன். 'பொறுப்பு யாருடையது' என்று கேட்பது துரோகம் இல்லை என்று மைக் பிடித்துச் சொன்ன வாய் இது. கேட்டவனை நீக்கியதும் அதே ஆள்தான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது தேதிதான். செருப்புக் கடைக் கதையை நான் கேட்டது 2015-ல். தேவ்லியைப் பற்றிப் படித்தது 2017-ல். 'அந்த நாள்' பார்த்து நண்பர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருந்தது 2018-ல். எல்லாம் தெரிந்த பிறகுதான் 2019 வருகிறது. நல்ல கதைகள் மனிதனைப் பண்படுத்தும் என்று இலக்கியக் கூட்டங்களில் பேசுகிறார்கள், நானும் கை தட்டியிருக்கிறேன். என் விஷயத்தில் அந்தக் கதைகள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தன. விரல் தன் வேலையைச் செய்தது. அழுதுகொண்டிருந்தவன் செய்தான் என்பதுதான் இதில் கஷ்டம். அழுகிறவன் தப்புச் செய்யமாட்டான் என்று நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிவாஜி படம் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

தாத்தாவும் அந்தப் பெரியவருக்காகப் பேசவில்லை. அதற்காக அவரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயதில், யூனிபார்மில், வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் அவர் பெயரும் அந்தக் காகிதத்தோடு சேர்ந்திருக்கும். எனக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. வேளச்சேரியில், சோபாவில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். இறுதி ஊர்வலத்துக்குப் போன நண்பர்கள் மறுநாள் படங்கள் அனுப்பினார்கள். ஒன்றில், கூட்டத்தின் ஓரத்தில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான்.

போன மாதம் 'இரத்தத் திலகம்' பின்பாதியை முதல் தடவையாகப் பார்த்தேன். தனியாக, ஹெட்போன் போட்டுக்கொண்டு. பனி கொட்டியது. சிவாஜி நன்றாகத்தான் செய்திருக்கிறார். தாத்தா சொன்னது மனதில் இருந்ததால் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் நல்ல பூட்ஸ் போட்டிருந்தார்கள். முடிவு என்ன என்று சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பிரதி கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

படம் முடிந்ததும் அவன் நம்பரைத் தேடினேன். இன்னும் இருக்கிறது. "அன்னைக்கு என்ன டைப் பண்ணிட்டு இருந்தே?" என்று அடித்துவிட்டு அழித்தேன். இரண்டு நாள் கழித்து, முன்னால் 'மச்சான்' சேர்த்து, திரும்பவும் அடித்து அனுப்பிவிட்டேன். இதை எழுதும்வரை ஒரே ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.